நாலாவது கால்

கடலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே, உடைமரக் காட்டுக்குள், ஓடு போட்ட சின்ன மடம் ஒன்று இருந்தது. அமாவாசைக்கு அமாவாசை கடலில் முழுக வருகிறவர்கள் ஈரத்துணியோடு அங்கே ஒதுங்குவார்கள். அவர்களுக்குச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளக்கதிரும் கொடுப்பது மடத்து வழக்கம்.

மடத்துச் சாமிக்கு வயது நாற்பத்தொன்று. சாமியாவதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை பார்த்தவர். அவருடைய சீடர் பலவேசத்துக்கு வயது அறுபத்தொன்று. குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடர் குருவை ‘சாமி’ என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று பிடிபட இரண்டு நாளாகும். பலவேசத்துக்கே சில சமயம் அது மறந்துபோகும்.

பலவேசம் உப்பளத்தில் முப்பத்துநாலு வருஷம் ஃபிட்டர். உப்பளத்தில் இரும்பு படுகிற பாடு சொல்லி மாளாது. பம்பு, பைப்பு, வால்வு, தள்ளுவண்டி என்று ஒன்றை விடாமல் உப்பு தின்னும். ஒரு கம்பி பிரஷை வைத்துக்கொண்டு அத்தனையையும் அவர் காப்பாற்றினார். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். மாலையையும் சால்வையையும் அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டு, பிரஷை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

திங்கட்கிழமை காலையில் அவர் சாமியிடம் வந்து நின்றார்.

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“வெள்ளிக்கிழம திருச்செந்தூர்ல பேத்திக்கு மொட்ட போடுதாங்க. மொத மொட்ட. நான் போகவா, வேண்டாமா?”

“தாத்தா போறதுக்கு என்ன கேள்வி?”

“தாத்தாவ யாரும் கூப்பிடல.”

மகன் ஆதிலிங்கம் அவரோடு பேசி ஐந்து வருஷம் ஆயிற்று. அவன் கல்யாணத்தன்று நின்ற பேச்சு. பேத்திக்கு இப்போது மூன்று வயது, போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். தூத்துக்குடி வீட்டிலிருந்து மனைவி பேச்சியம்மாள் போனில் மொட்டைச் சேதியைச் சொன்னாள். “உங்களக் கூப்பிடணும்னு அவன் சொல்லல. வரக்கூடாதுன்னும் சொல்லல. ரெண்டுமே சொல்லல. பொறவு என்னயக் குத்தம் சொல்லாதிய” என்று வைத்துவிட்டாள்.

சாமி கேட்டார்.

“போனா என்ன செய்விய?”

“அவன்கிட்ட நாலு விஷயம் கேக்க வேண்டியது இருக்கு. நறுக்குன்னு கேட்டுட்டு, பிள்ளையத் தூக்கிக் கொஞ்சிட்டு வந்திருவேன். மனசுல வரிசையா எழுதி வச்சிருக்கேன்.”

சாமி அவர் கையைப் பார்த்தார். பேசும்போது அந்தக் கை காற்றில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. அந்தச் சுடுற அடுப்புக் காலெல்லாம் கரி ஏறிப் போய்க் கெடக்கு. அதத் தேச்சு வச்சிருவோமா?”

“என் கேள்வி?”

“அது எங்க போயிரப் போவுது? தேய்ப்போம் வாங்க.”

அது வெளிநாட்டு அடுப்பு. அனல்மின் நிலையம் கட்ட வந்த வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது மடத்துக்கு விட்டுப் போனது. மேலே கங்கு போடுகிற இரும்புப் பெட்டி, அதன்மேல் கம்பி வலை, கீழே இடுப்புயரத்துக்கு நாலு கால்கள். பன்னிரண்டு வருஷமாகக் கிழங்குச் சாறும் சாம்பலும் புகையும் வழிந்து, கால்கள் தார் பூசிய கம்பங்கள்போல் ஆகியிருந்தன. அடியில் என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது.

பலவேசம் அடுப்பைக் கவிழ்த்தார். நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாலு கால்களும் தரையில் கிடந்தன. ஆணியால் ஓர் ஓரம் சுரண்டிப் பார்த்தார். வெள்ளையாக மின்னியது.

“எவர்சில்வர் சாமி!”

“நல்லதாப் போச்சு. மூணு உங்களுக்கு. ஒண்ணு எனக்கு.”

“சாமிக்கு எதுக்கு இந்தச் சோலி? நாலையும் நானே சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்.”

“முடிச்சிருவியன்னு தெரியும். ஒண்ணக் குடுங்க.”

சாமி நாலாவது காலைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். ஊறவைத்த புளி ஒரு கொட்டாங்கச்சியில், அடுப்புச் சாம்பல் ஒரு கொட்டாங்கச்சியில், ஒரு கைப்பிடித் தேங்காய் நார். உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளைக்கு முதுகு தடவுகிறவர்போல் தேய்க்க ஆரம்பித்தார்.

பலவேசம் தன் பிரஷை எடுத்தார். சோடா உப்பைக் கொதிநீரில் கரைத்து ஊற்றி, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலால் காலை அமுக்கிக்கொண்டு இழுத்தார். கரி செதில் செதிலாகப் பெயர்ந்தது. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பொழுது சாய்வதற்குள் மூன்று கால்களும் கண்ணாடியாகிவிட்டன. குனிந்தால் மூக்கு முழி தெரிந்தது.

சாமி அதுவரை ஒரு விரற்கடை நீளம்தான் முடித்திருந்தார்.

மடத்தில் சமையல் பார்க்கும் தங்கபுஷ்பம் அரிசி களைந்த தண்ணீரை ஊற்ற வந்தவள், மூன்று கால்களையும் பார்த்துத் தாடையில் கை வைத்தாள்.

“எம்மாடி! அண்ணாச்சி கை பட்டா கழுத கூட மினுங்கும்போல இருக்கே.”

“முப்பத்துநாலு வருஷம் தாயி. உப்பே நம்மகிட்டத் தோத்துட்டுப் போயிருக்கு.”

அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக வந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூன்று கால்களிலும் செம்புள்ளி. அம்மை வார்த்த பிள்ளை உடம்பு மாதிரி, மேலிருந்து கீழ் வரைக்கும்.

சாமி தேய்த்த அடுப்புக் காலில் பெரும்பகுதி இன்னும் கரிதான். தேய்த்த விரற்கடை மட்டும் சும்மா வெள்ளையாக இருந்தது. மினுக்கமும் இல்லை, புள்ளியும் இல்லை.

“உப்புக் காத்து சாமி. ஒரு ராத்திரில வேலையக் காட்டிட்டு” என்றார் பலவேசம்.

“ஓகோ.”

“விட மாட்டேன். நேத்து மேலாப்புலதான் தேச்சிருக்கேன். இன்னைக்கு ஆழமாத் தேய்க்கணும்.”

இரும்பு தேய்க்கிற எமரித் தாளைச் சுற்றி ஒரு தடவை. பிறகு பிரஷால் இரண்டு தடவை. கைமூட்டில் தோல் உரிந்தது. தங்கபுஷ்பம் கஞ்சி கொண்டு வந்து வைத்தாள். அது ஆறி ஆடை கட்டியது. மாலையில் கால்கள் முந்தின நாளைவிடப் பளபளத்தன. ஒரு பழைய துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, சாக்கால் போர்த்திவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை சாக்கை எடுத்தார். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படையாகியிருந்தன. சாக்கிலும் காவிக் கறை.

அவர் உட்காரவில்லை. நேரே பஸ் ஏறி ஆறுமுகநேரி போனார். தெரிந்த பட்டறையில் கிரைண்டர் மிஷினும் அதில் மாட்டுகிற கம்பிச் சக்கரமும் இரவல் வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குத் திரும்பினார். மிஷின் அலறியது. உடைமரத்திலிருந்து காக்கைகள் எழுந்து போயின. தங்கபுஷ்பம் காதைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

“அண்ணாச்சி! அது என்ன காலா, உங்களுக்குப் பூர்வ ஜென்மப் பகையா?”

மிஷினை நிறுத்தினார்.

“இது அசல் எவர்சில்வர் இல்ல தாயி. அந்த வெள்ளைக்காரன எவனோ ஏமாத்திப் போலியத் தலையில கட்டியிருக்கான். சரக்கே கோளாறு. இல்லாட்டி இம்புட்டுத் தேச்சும் திருந்தாதா?”

வேப்பமரத்தடியிலிருந்து சாமி கேட்டார்.

“அண்ணாச்சி, கல்யாணத்தன்னைக்கு என்னதான் நடந்துச்சு?”

பலவேசத்துக்கு எரிச்சலாக இருந்தது. துருவைப் பற்றிப் பேசும்போது கல்யாணம் எங்கே வந்தது? இருந்தாலும் குரு கேட்கிறார்.

“ஒண்ணும் நடக்கல சாமி. மைக்க வாங்கி ரெண்டு வார்த்த பேசினேன். நல்லதாத்தான் பேசினேன்.”

“என்னன்னு?”

“இந்தப் பய ஒம்பதாங் கிளாஸ்ல கணக்குல பதினொரு மார்க்கு வாங்கினவன். பெல்ட்டு பிஞ்சு போற வரைக்கும் அடிச்சேன். தெருவுல முட்டி போட வச்சேன். இன்னைக்கு என்ஜினியராகி மாப்பிள்ளையா நிக்கான்னா, அது இந்தக் கை செஞ்ச வேல, அப்படின்னு கையத் தூக்கிக் காட்டினேன். மண்டபமே கை தட்டுச்சு. சம்பந்தி எந்திரிச்சு வந்து இந்தக் கையப் பிடிச்சுக் குலுக்கினாரு.”

“ஆதிலிங்கம்?”

“சிரிச்சான்.”

சாமி கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார்.

“சிரிச்ச மாதிரித்தான் இருந்துச்சு” என்றார் பலவேசம். “பொறவு மாலையச் சரி பண்ணிக்கிட்டான். அதோட சரி.”

தங்கபுஷ்பம் முந்தானையை உதறினாள்.

“பொண்ணு வீட்டு ஆளுக முன்னாலயா அண்ணாச்சி?”

“என்ன தப்பு தாயி? எங்கப்பா என்னைய வேலிக்கம்பால அடிச்சாரு. நான் என்ன கெட்டா போனேன்? நல்லாத்தான இருக்கேன்?”

“அதுக்கென்ன, நல்லா ஜம்முனு இருக்கிய. பொண்டாட்டி ஒரு ஊர்ல, பிள்ள ஒரு ஊர்ல, நீங்க உடமரத்துக்குள்ள.”

அவர் மிஷினைப் போட்டார். அதற்குமேல் யார் பேசினாலும் கேட்காது.

மத்தியானம் சாமி கடலுக்குக் குளிக்கப் போனார். பலவேசம் வேப்பமரத்தடிக்கு வந்து நாலாவது காலைக் கையில் எடுத்தார். மூன்று நாள் வேலையில் பாதிக் கால் முடிந்திருந்தது. ஒரு புள்ளி இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் நாள் தேய்த்த இடத்திலும் இல்லை. அதே காற்று, அதே பனி, மேலே சாக்குகூடப் போடவில்லை.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. இந்த ஒரு கால் மட்டும் உசத்தியான ரகமாக இருக்க வேண்டும். ஒரு அடுப்பில் மூன்று கால் போலி, ஒரு கால் அசல். நடக்கும். இதையும் பிரஷால் தேய்த்து வைத்தால் தெரிந்துபோகும். நாளைக் காலையில் இது வெள்ளையாகவே இருந்தால் உலோகம்தான் வித்தியாசம். தன் கையில் குறை இல்லை. சாமியே ஒத்துக்கொண்டாக வேண்டும்.

சாமி தேய்த்து முடித்த பாதியில் சரியாக ஒரு சாண் அளந்து, அந்த அளவுக்குள் மட்டும் பிரஷைப் போட்டு அழுத்தித் தேய்த்தார். பத்து நிமிஷ வேலை. காலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். குருவின் பொருளைக் கேளாமல் தொட்டது நெஞ்சில் லேசாக உறுத்தியது. உண்மை தெரியவேண்டாமா என்று அதை அடக்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை சேவல் கூவி, கிழக்கு வெளுத்ததும் எழுந்து வந்தார்.

நாலாவது காலில் ஒரு சாண் நீளத்துக்குச் செம்புள்ளி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் அங்கே தொடங்கி அங்கே முடிந்தது. அதற்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

பலவேசம் குனிந்து அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஓட்டமும் நடையுமாகப் போய்த் தன் பிரஷை எடுத்து வந்தார். இடுப்பு வேட்டியின் ஒரு முனையைத் தண்ணீரில் நனைத்து, பிரஷின் கம்பிகளில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

வெள்ளை வேட்டியில் பழுப்பு வரி விழுந்தது.

இன்னொரு தடவை இழுத்தார். இன்னொரு வரி.

முப்பத்துநாலு வருஷம் இரும்பை இரும்பால் தேய்த்தவருக்கு அதற்குமேல் யாரும் விளக்கத் தேவையில்லை. பிரஷின் கம்பி தேயத் தேய, பொடி பொடியாக எவர்சில்வரில் ஏறி ஒட்டியிருக்கிறது. ராத்திரி உப்புக் காற்றில் துருப்பிடித்தது அந்தப் பொடி. அழுத்த அழுத்த நிறைய ஏறியிருக்கிறது.

அவர் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் வாளியோடு வந்தாள்.

“என்ன அண்ணாச்சி, எழவு வீட்டுல இருக்காப்புல இருக்கிய? இன்னைக்கு மிஷின் ஓட்டலியா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள், வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பலவேசம் பிரஷோடு எழுந்து கடலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். பாதி வழியில் சாமி குறுக்கே வந்தார்.

“எங்க போறிய?”

“இதத் தூக்கிக் கடல்ல எறியப் போறேன்.”

“எதுக்கு? கெணத்தடிக் கம்பிக் கதவு முழுக்கத் துரு ஏறிக் கெடக்கு. அது இரும்புதான. அதுக்கு இந்த பிரஷ் வேணும்லா?”

பலவேசம் கையைத் தாழ்த்தினார்.

“சாமி, நேத்து உங்க காலத் தொட்டுட்டேன்.”

“பாத்தேன்.”

“துரு எங்கேருந்து வருதுன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?”

“எனக்கு இரும்பு தெரியாது அண்ணாச்சி. புண்ணுதான் தெரியும். நாம நல்லாத் தொடச்சு விட்டு, மறுநாள் அது கூடியிருந்துச்சுன்னா, புண்ணத் திட்ட மாட்டோம். தொடச்ச பஞ்ச எடுத்துப் பாப்போம்.”

பலவேசம் பிரஷைத் திருப்பி அதன் கம்பிகளைப் பார்த்தார்.

“அப்ப நான் நாளைக்குப் போகல சாமி. கேள்விக்குப் பதில் கெடச்சிட்டு. நான் அந்தப் பக்கமே தல காட்டாம இருக்கதுதான் எல்லாருக்கும் நல்லது.”

“அப்படியா?”

“வேற என்ன? நான் தொட்டாத்தான துரு.”

சாமி திரும்பி நடந்தார். பலவேசம் பின்னால் போனார். வேப்பமரத்தடியில் சாமி நாலாவது காலை எடுத்து அவர் மடியில் வைத்தார். தேங்காய் நாரைக்கூடத் தரவில்லை. கிழிந்த மல்லுத் துணி ஒன்று, புளித்தண்ணீர் கொஞ்சம்.

“இந்த ஒரு சாண் நீங்க போட்டது. இத யாரு எடுப்பா?”

“இது வருமா சாமி?”

“தொடச்சுப் பாருங்க.”

துணியை நனைத்து வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். பழைய பழக்கத்தில் தோள் முன்னால் வந்தது. கை நரம்பு புடைத்தது.

“அழுத்தாதிய.”

“அழுத்தாம எப்படிப் போகும்?”

“போகும்.”

“எம்புட்டு நேரமாகும்?”

“தெரியாது.”

அழுத்தாமல் துடைப்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை. லேசாக வைத்தால் துணி வழுக்கியது. வழுக்காமல் பிடிக்கப் போனால் கை அழுத்தியது. சாமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை தோள் முன்னால் வரும்போதும் “அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார். முற்பகல் முழுக்க நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். மத்தியானத்துக்கு மேல் பத்துத் தடவை சொன்னார்.

துணி பழுப்பாகும். அலசுவார். மறுபடியும் புளித்தண்ணீர். மறுபடியும் பழுப்பு. வேலை நடக்கிறதா என்றே தெரியாத வேலை. கிரைண்டரைப் பிடித்தபோது வலிக்காத தோள் இப்போது வலித்தது.

ஒரு தடவை பலவேசம் தானாகச் சொன்னார்.

“முட்டி போட வச்சது சித்திர மாசம் சாமி. தார் ரோடு.”

சாமி “ம்” என்றார்.

“வெந்த முட்டிக்கு எண்ணெய் தடவ அவங்கம்மா வந்தா. நான்தான் வேண்டாம்னேன்.”

சாமி புளித்தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வெயில் தாழ்கிற நேரத்தில் துணியை எடுத்துப் பார்த்தார். துணியில் கறை இல்லை. காலில் புள்ளி இல்லை. அந்த ஒரு சாண் மட்டும் கொஞ்சம் கீறல் விழுந்து மங்கலாக இருந்தது. மற்றபடி வெள்ளை. தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. காலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மிச்ச மூன்று கால்களையும் இழுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் இன்னைக்கா?” என்றார் சாமி.

“இல்ல சாமி. பக்கத்துல கெடக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பலவேசம் குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, வெளுத்த வேட்டி கட்டி வந்து நின்றார். போகலாமா என்று கேட்கவில்லை. தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள்.

“போறியளா அண்ணாச்சி?”

“போறேன் தாயி.”

“அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா?”

“திருப்பட்டும். திருப்பின பக்கமெல்லாம் போய் நிக்க மாட்டேன். நின்ன எடத்துல நிப்பேன்.”

சாமி கேட்டார்.

“அந்த நாலு விஷயம்?”

“ரெண்டு மறந்து போச்சு சாமி.”

“மிச்சம் ரெண்டு?”

“பஸ்ல போகையில மறக்கப் பாக்கேன்.”

பிற்பகல் மூன்று மணிக்கு அவர் திரும்பி வந்தார். கிணற்றடியில் கால் கழுவினார். முகம் கழுவினார். வேப்பமரத்தடிக்கு வந்து சாமிக்கு எதிரே உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் கையில் இருந்த முறத்தோடு அங்கேயே வந்து நின்றாள்.

“பாத்தியளா?” என்றார் சாமி.

“பாத்தேன். மொட்டயடிக்கிற மண்டபத்துல, ஒரு தூணோரமா நின்னேன். பேச்சியம்மாளும் பாத்துட்டா, அவனும் பாத்துட்டான். யாரும் கூப்பிடல. நானும் கிட்டப் போகல.”

“பேத்தி?”

“எங்கம்மா மூஞ்சி சாமி. அப்படியே உரிச்சு வச்சிருக்கு.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “மொட்ட போட்டு, சந்தனம் தடவி எறக்கி விட்டதும் அங்கயும் இங்கயும் ஓடுச்சு. ஓடி நேரா என் காலடியில வந்து நின்னுட்டு. அவன் பின்னாலயே தூக்க வந்தான். வந்தா, அது என்னையக் கை காட்டி ‘யாருப்பா இது’ன்னு கேக்குது.”

“ஐயோ! என்ன சொன்னான்?” என்றாள் தங்கபுஷ்பம்.

“பிள்ளையத் தூக்கி இடுப்புல வச்சான். பொறவு ‘எங்கப்பா’ன்னான்.”

“தாத்தான்னு சொல்லலியா?”

“சொல்லல தாயி.”

“அத ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போவான்?”

“நீ ஒண்ணு. அஞ்சு வருஷமா அவன் வாயில வராத வார்த்தையே அந்த ‘அப்பா’தான தாயி.”

அவள் முறத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். சாமி கேட்டார்.

“நீங்க என்ன பேசினிய?”

“ஒண்ணும் பேசல. சாப்பிட்டியளான்னு கேட்டான். இல்லன்னேன். வாங்கன்னு கூடச் சொல்லல, முன்னால நடந்தான். நான் பின்னால போனேன். எல போட்டு உக்காந்து சாப்பிட்டோம். பேத்தி என் எலையில இருந்து அப்பளத்த எடுத்துக்கிட்டு.”

“சாப்பாடு இறங்கிச்சா?”

“எறங்குச்சு. ஆனா அதோட வேற ஒண்ணும் எறங்கிக் கெடக்கு சாமி.”

“என்னது?”

பலவேசம் தலையைத் தேய்த்துக்கொண்டார்.

“மொட்ட போடும்போது பிள்ள தலைய அவன் பிடிச்ச லட்சணம் இருக்கே. கத்தி பட்டுரும்போல இருந்துச்சு. ‘தாடையப் பிடில, கூறுகெட்டவனே’ன்னு பல்லு வரைக்கும் வந்துட்டு. முழுங்கிட்டேன். பொறவு சுடுற கல்லுல பிள்ளைய வெறுங்காலோட எறக்கி விட்டான். அதுக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.”

“ரெண்டுதானா?”

“மூணு.”

“மூணாவது?”

“அவன் கை கழுவ எந்திரிக்கும்போது வந்துச்சு. அத மட்டும் என்னயச் சொல்ல வச்சிராதிய சாமி. அதையும் முழுங்கிட்டேன்.”

சாமி தலையசைத்தார். பலவேசம் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்தார்.

“மூணும் இங்கனதான் கெடக்கு. பஸ்ல வரும்போதும் அப்படியே இருந்துச்சு. கரைய மாட்டேங்கு. இது எப்பக் கரையும் சாமி?”

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி.”

“கரையாமலே இருந்துட்டா?”

“இருக்கலாம்.”

“குத்துதே சாமி. உள்ளுக்குள்ள நின்னு குத்துதே.”

சாமி நகர்ந்து வந்து, அவர் கை வைத்திருந்த இடத்துக்கு மேல் தன் கையையும் வைத்தார்.

“குத்தும் அண்ணாச்சி. இன்னைக்கு அது அவன் மேல ஏறல, உங்ககிட்டதான கெடக்கு?”